பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும் ஐ.டி. கம்பெனியில் சேரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடித்துவிட்டு வருகிறவர்களைச் சேர்த்து, மூன்று நான்கு மாதம் ஜாவாவோ பைத்தானோ சொல்லிக்கொடுத்து, பிறகு வேறு பெரிய கம்பெனிகளின் புராஜெக்டுக்கு அனுப்புகிற நிறுவனங்கள் சென்னையிலும் கோவையிலும் நிறைய இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் அப்படி ஒரு நிறுவனத்தில் நான் ஆறு வருடம் இருந்தேன். முதலில் பயிற்சிக்கு வந்தவனாக, அப்புறம் கிளையண்ட், அதாவது புராஜெக்டைக் கொடுக்கும் கம்பெனியின் அலுவலகத்தில் டெவலப்பராக, கடைசி இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறவனாக. என் வகுப்பில் உட்கார்ந்தவர்களும், அவர்களை ஹாஸ்டலில் விட்டுப்போக வந்த அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தக் கம்பெனிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது, அதனால் முதலில் வைக்கிறேன். ‘பயிற்சியும் வேலையும்’ என்று போர்டு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே தொழில் செய்வதில்லை.

ஒரு வகைக்கு மாணவர் கட்டும் ஃபீஸ்தான் வருமானம். வேளச்சேரி, வடபழனி, கோவை காந்திபுரம் பக்கம் மாடிகளில் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகை. ஹைதராபாத்தில் அமீர்பேட்டை இதனாலேயே பேர் வாங்கிய இடம். நீங்கள் பணம் கட்டிய அன்றே அவர்களுடைய வியாபாரம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு வேலை கிடைத்தால் அவர்களுக்கு ஒரு விளம்பரம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அவர்கள் கையிலிருந்து எதுவும் போகாது.

இன்னொரு வகைக்கு கிளையண்ட் பணம் தருகிறார். உங்களைத் தன் ஊழியராகச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஒரு வங்கியின் புராஜெக்டிலோ இன்சூரன்ஸ் கம்பெனியின் புராஜெக்டிலோ உட்காரவைப்பார்கள். கிளையண்ட் உங்களுக்காக மணிக்கு அல்லது மாதத்துக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கட்டுவார், அதில் ஒரு பகுதி உங்கள் சம்பளம். பயிற்சி நடந்த மாதங்களில் உங்களுக்காகச் செலவழித்ததை, நீங்கள் புராஜெக்டில் இருக்கும் மாதங்களில்தான் அவர்கள் திரும்ப எடுக்க முடியும். பாண்டு (இத்தனை காலம் வேலை பார்ப்பேன், முன்பே விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற பத்திரம்) கேட்பது, பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும்போது நெருக்குவது, “எந்த டெக்னாலஜி வந்தாலும் போ” என்று அவசரப்படுத்துவது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறவைதான். நான் வேலை பார்த்தது இந்த வகையில்.

மூன்றாவது, தன் வேலைக்கே ஆள் வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் கம்பெனி. இங்கே உங்களுக்குச் சரியாகச் சொல்லித்தராவிட்டால் நாளைக்கு அவர்கள் வேலைதான் கெடும். அதனால் பயிற்சி பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

உங்களிடம் ஃபீஸும் வாங்கி, கிளையண்டிடமும் மாதாமாதம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் சேருங்கள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று விஷயம் கேளுங்கள், மெயிலில் பதில் வாங்குங்கள். ஆஃபர் லெட்டர் எந்தக் கம்பெனியின் பெயரில் வரும்? பி.எஃப். எந்தத் தேதியிலிருந்து பிடிப்பீர்கள்? பயிற்சி முடிந்தும் புராஜெக்ட் கிடைக்காவிட்டால் சம்பளம் உண்டா?

“முதலில் சேருங்கள், எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் நீங்கள் ஃபீஸ் வகை இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். “100 சதவீதம் பிளேஸ்மென்ட்” என்ற போர்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்டர்வியூவுக்கு அனுப்பிவைப்பதையே பிளேஸ்மென்ட் என்று கணக்கு காட்டுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். போன வருட பேட்சில் படித்த நான்கு பேரின் நம்பர் கேளுங்கள். அதுவும் அவர்களாகப் பொறுக்கித் தருகிற நான்கு பேராக இருக்கக் கூடாது. லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடி, வேலையை விட்டுப் போனவர்களிடம் பேசுங்கள். விட்டுப் போனவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

ஜோஹோ, எச்.சி.எல். நடத்துவதும் இதுதானா?

இல்லை, அவை மூன்றாவது வகை. ஜோஹோ 2005-இல் ஒரு சின்ன வகுப்பாகத் தொடங்கியதுதான் இன்றைய ஜோஹோ ஸ்கூல்ஸ். பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து இரண்டு வருடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஃபீஸ் கிடையாது, மாதம் உதவித்தொகை உண்டு. தென்காசியிலும் நடக்கிறது. எச்.சி.எல்.-இன் டெக்பீ 2017-இல் தொடங்கியது, பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. அதில் பயிற்சிக் கட்டணம் உண்டு, வங்கிக் கடனாக எடுத்து வேலை கிடைத்த பிறகு கட்டும் வழியும் வைத்திருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே பட்டப்படிப்பும் படிக்கலாம். வீட்டில் பிளஸ் டூ முடிக்கப் போகிற பிள்ளை இருந்தால் இந்த இரண்டையும் பற்றி இப்போதே விசாரியுங்கள். நான்கு வருடம் கழித்து ஃபீஸ் கட்டி ஒரு கோர்ஸில் சேருவதைவிட இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இலவசப் பயிற்சிகள் இருக்கின்றன. பட்டமும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அதில் உதவித்தொகையின் ஒரு பங்கை அரசே தருகிறது. தென் மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில்தான், டைடல் பார்க்குக்குப் பக்கத்திலேயே. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்விட்டு, அந்தத் திட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத பிள்ளைகள் என் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தார்கள்.

பயிற்சியில் என்ன சொல்லித்தருவார்கள்?

ஜாவா பேட்ச் என்றால் கோர் ஜாவா, கலெக்‌ஷன்ஸ், எஸ்.க்யூ.எல்., ஸ்பிரிங் பூட், கொஞ்சம் ரியாக்ட் அல்லது ஆங்குலர், கோடு மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் (Git). காலையில் வகுப்பு, மதியம் லேப், வெள்ளிக்கிழமை டெஸ்ட், மாதக் கடைசியில் மாக் இன்டர்வியூ (ஒத்திகை இன்டர்வியூ). வேகம் மிக அதிகமாக இருக்கும். கல்லூரியில் ஒரு செமஸ்டர் எடுத்த பாடத்தை இங்கே எட்டு நாளில் முடித்துவிடுவார்கள்.

இந்த வேகத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. கிளையண்ட் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். அதனால் பயிற்சி மெல்ல மெல்ல கேள்வி–பதில் மனப்பாடமாக மாறிவிடும். ஹேஷ்மேப் (ஒவ்வொரு தகவலையும் ஒரு சாவியோடு சேர்த்துப் போட்டு வைக்கும் ஜாவா அமைப்பு) எப்படி வேலை செய்கிறது என்று ஜாவா ஆட்களிடம் கேட்காத இன்டர்வியூ குறைவு. “ஹேஷ்கோடை வைத்து எந்த பக்கெட் என்று பார்க்கும், அதற்குள் ஈக்வல்ஸை வைத்து அதே சாவிதானா என்று பார்க்கும்” என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். “சரி, நீங்கள் எழுதிய கிளாஸில் ஈக்வல்ஸை மட்டும் மாற்றி எழுதி, ஹேஷ்கோடை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டால் அமைதி. ஒரே மாதிரியான இரண்டு சாவிகள் வேறு வேறு பக்கெட்டுக்குப் போய்விடும், போட்டு வைத்ததைத் தேடினால் கிடைக்காது. இதைப் பத்து வரி கோடு எழுதி ஓட்டிப் பார்த்தவர் ஒருநாளும் மறக்க மாட்டார்.

அதனால் வகுப்பில் எதைக் கேட்டாலும் அன்று ராத்திரியே எழுதி, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவரை எடுக்கும் எஸ்.க்யூ.எல். கேள்வியை எல்லாரும் படித்திருப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரே சம்பளம் இருந்தால் உங்கள் பதில் என்ன சொல்கிறது என்று பார்த்தீர்களா? நான் பயிற்சி கொடுத்தவர்களில் நல்ல புராஜெக்டுக்குப் போனவர்கள் எல்லாரும் இந்தப் பழக்கம் உள்ளவர்கள். கல்லூரி மார்க்குக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இருந்ததில்லை.

தமிழ் மீடியம், மெக்கானிக்கல் படிப்பு, இரண்டு வருட கேப். எனக்கு நடக்குமா?

நடக்கும். என் பேட்சிலேயே மூன்றில் ஒருவர் மெக்கானிக்கல், சிவில், பி.எஸ்சி. கணிதம். இங்கிலீஷ் பேசத் தயங்குகிறவர்கள், அன்றைக்குச் செய்த வேலையைத் தினமும் ஐந்து நிமிடம் இங்கிலீஷில் சொல்லிப் பழகினால் போதும். கிளையண்ட் மீட்டிங்கில் தினமும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், முடித்துவிட்டு வாருங்கள்.

பெஞ்ச் என்றால் என்ன? பயப்பட வேண்டுமா?

பயிற்சி முடிந்து புராஜெக்ட் கிடைக்கும் வரை, அல்லது ஒரு புராஜெக்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்கும் காலம் பெஞ்ச். சில கம்பெனிகள் முழுச் சம்பளம் தரும், சில பாதி தரும், சில ஒன்றுமே தராது. கடைசி வகையில் சேராதீர்கள். அறை வாடகையும் மெஸ் பணமும் மாதா மாதம் கட்டியாக வேண்டும், ஊரிலிருந்து பணம் வாங்கிக்கொண்டே எத்தனை மாதம் உட்கார முடியும்?

பெஞ்சில் இருக்கிறவர்கள் மனம் தளர்ந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லாரும் “வேலை கிடைத்துவிட்டதாமே” என்று கேட்பார்கள், இங்கே ஒரு வேலையும் இருக்காது. அது உங்கள் தவறு இல்லை. கிளையண்ட் பட்ஜெட்டை நிறுத்தினால் பேட்ச் முழுக்கப் பெஞ்சுக்கு வரும். அந்த நேரத்தில் உள்ளே நடக்கும் சின்ன வேலை எதுவானாலும் கேட்டு வாங்குங்கள். டெஸ்டிங் ஆனாலும் சரி, அடுத்த பேட்சுக்கு லேப் உதவி ஆனாலும் சரி. நான் பயிற்சியாளரானது அப்படி ஒரு பெஞ்ச் காலத்தில்தான்.

பாண்டில் கையெழுத்துப் போடலாமா? சட்டப்படி செல்லுமா?

“பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று ஒரு சீனியர் சொல்வார். “எழுதியிருக்கும் பணத்தை முழுசாகக் கட்டாவிட்டால் ஜெயில்” என்று எச்.ஆர். சொல்வார். இரண்டுமே தவறு.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஆகவே “இங்கிருந்து போன பிறகு இரண்டு வருடம் வேறு எந்த ஐ.டி. கம்பெனியிலும் சேரக் கூடாது” என்று எழுதியிருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் “குறைந்தது இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பணம்” என்பது வேறு விஷயம். 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் இதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது ஒரு பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க அதற்கு ஆகும் செலவு, அந்த மேலாளர் பதவியின் சம்பளம் இவற்றையெல்லாம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் ஃப்ரெஷருக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் பாண்டு என்றாலே குப்பை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு உங்கள் பக்கம் பேசுகிறது. பத்திரத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேல் போகாமல், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். உங்கள் பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவழித்தார்கள் என்ற கேள்வி அங்கே வரும். இரண்டு மாதம் யூடியூப் வீடியோ போட்டுக் காட்டிவிட்டு நான்கு லட்சம் கேட்டால் அதை நியாயப்படுத்துவது அவர்களுக்குச் சிரமம்.

பாண்டை மீறுவது சிவில் விஷயம். போலீஸ் பிடித்துப் போகாது, பாஸ்போர்ட்டுக்கும் ஒன்றும் ஆகாது. நான் பொதுவாகச் சொல்வது இது: ஒரு வருடம், ஒன்றரை வருடம், தொகை உங்கள் சில மாதச் சம்பளத்துக்குள், விலகும் மாதத்தைப் பொறுத்துத் தொகை குறைந்துகொண்டே வரும் என்றால் யோசிக்கலாம். பாண்டு காலம் புராஜெக்ட் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பெஞ்சில் இருக்கும் மாதங்கள் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பாண்டு சிவில் விஷயம் என்று மேலே சொன்னேன். காசோலை அப்படி இல்லை. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலையில் அவர்கள் தொகையை எழுதி வங்கியில் போட்டு, அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் உங்கள் மேல் கிரிமினல் வழக்குப் போடலாம். இரண்டு வருடம் வரை சிறை, காசோலைத் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கையெழுத்து உங்களுடையது என்றால், கடன் இருந்ததால்தான் கொடுத்தீர்கள் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். அப்படி ஒரு நோட்டீஸ் வீட்டுக்கு வந்துவிட்டால் ஒதுக்கி வைக்காதீர்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம், அதற்குள் வக்கீலைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும்.

மார்க்‌ஷீட்டைச் சரிபார்க்க வேண்டுமென்றால் காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு வாங்கி வந்துவிடுங்கள். என் பேட்சில் ஒரு பெண்ணுக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வந்தபோது ஒரிஜினல்கள் அவள் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தின் பீரோவில் இருந்தன. நான்கு நாள் அலைந்தாள். சரிபார்ப்பு முடிவதற்கு அரை மணி நேரம் முன்னால் கிடைத்தது. அவளுடைய அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்று வருட அனுபவம் என்று போட்டு அனுப்புகிறார்கள். எல்லாரும் செய்கிறார்களே?

செய்கிறார்கள், மாட்டுகிறார்கள். இப்போது பெரிய கம்பெனிகள் பின்னணி சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்கின்றன. உங்கள் யு.ஏ.என். எண்ணில் (பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் எண்) எந்தக் கம்பெனி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எல்லாம் இருக்கும். இல்லாத கம்பெனியில் மூன்று வருடம் இருந்ததாகச் சொன்னால் அங்கே தெரிந்துவிடும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துப் பிடிபட்டு, அன்று மாலையே ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. வேலை போவதோடு முடிவதில்லை, அந்தக் கம்பெனியின் கதவு நிரந்தரமாக மூடிவிடும். பொய் அனுபவம் போட்டு அனுப்பிய கன்சல்டன்சிக்காரருக்கு ஒன்றும் ஆகாது. ரெஸ்யூமேயில் இருப்பது உங்கள் பெயர்.

கிளையண்ட் அலுவலகத்தில் நான் யாருடைய ஆள்?

சம்பளம் தருகிறவருடைய ஆள். ஐடி கார்டு நாடாவின் நிறம்கூட வேறாக இருக்கும். பக்கத்து நாற்காலியில் அதே வேலை செய்கிறவர் உங்களைப்போல இரண்டு மடங்கு வாங்குவார், டீம் விருந்துக்கு அவரைக் கூப்பிட்டு உங்களை விட்டுவிடுவார்கள். முதல் ஆறு மாதம் இது வலிக்கும். வேலையைப் பொறுத்தவரை கோடு ரிவ்யூ எல்லாருக்கும் ஒன்றுதான், கற்றுக்கொள்வதை நாடாவின் நிறம் தடுக்காது. கிளையண்டே உங்களை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதும் நடக்கும். அதற்கு அவர்கள் கம்பெனிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்று இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் ஒப்பந்தம் இருக்கலாம், சேரும்போதே கேட்டு வையுங்கள்.

அந்தக் கம்பெனியிலேயே பயிற்சியாளராக வேலைக்குப் போகலாமா?

ஒன்றிரண்டு வருடமாவது புராஜெக்டில் இருந்துவிட்டுப் போங்கள். படித்ததை மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் இரண்டாவது வாரம் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த வேலை அது. கை நடுங்கிக்கொண்டு வந்தவன் மூன்று மாதத்தில் பிழையைத் தானே தேடிப் பிடிப்பதைப் பார்ப்பது எனக்குப் பெரிய நிறைவு. கஷ்டமான பக்கம், தயாராகாதவர்களையும் தயார் என்று எழுதித் தரச் சொல்லி பிளேஸ்மென்ட் டீம் நெருக்குவது. மாதக் கணக்கு அவர்களுக்கு. தயாராகாமல் போகிறவன் கிளையண்ட் முன்னால் அவமானப்பட்டுத் திரும்புவான். நான் எழுதித் தர மறுத்த நாட்களும் உண்டு, மறுக்க முடியாமல் போன நாட்களும் உண்டு. நான் மறுக்காமல் எழுதித் தந்து அனுப்பியவர்களின் முகங்கள்தான் இன்றும் நினைவுக்கு வருகின்றன.

விலகும்போது என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

ராஜினாமா மெயிலில் போகட்டும், வாயால் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். நோட்டீஸ் காலத்தை முடியுங்கள். ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கையில் இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைக் கம்பெனி போடாமல் இழுத்தடித்தால், கடைசித் தொகை கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு யு.ஏ.என். தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஃபீஸ் கட்டி ஏமாந்துவிட்டேன். எங்கே போவது?

பணம் கட்டிப் பயிற்சியில் சேர்ந்தவர் நுகர்வோர் என்ற முறையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் இல்லாமலும் போகலாம். ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஊழியராகச் சேர்ந்து சம்பளம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். ஐ.டி. ஊழியர்களுக்கென்று சென்னையில் சங்கங்களும் இருக்கின்றன, தயங்காமல் போய்ப் பேசுங்கள்.

பாண்டில் ஜாமீன்தாரராக அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அது வெறும் சடங்குதானே?

இல்லை. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, உங்களுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முடிந்தவரை ஜாமீன் இல்லாமல் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் அப்பாவுக்குத் தமிழில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிவிட்டு, தொகையைச் சொல்லிவிட்டு, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் அப்பா திருவண்ணாமலையிலிருந்து காலை முதல் பஸ் பிடித்து வந்து, இங்கிலீஷில் இருந்த ஏழு பக்கத்திலும் காட்டிய இடத்தில் போட்டார். அதில் ஒன்றரை லட்சம் என்று இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. பாண்டு முடிந்த வாரம் எச்.ஆரிடம் போய் அசல் பத்திரத்தையும், பாக்கி ஏதும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கி ஊருக்கு எடுத்துப் போனேன், அன்றுதான் அவருக்குத் தொகையைச் சொன்னேன். அந்த இரண்டு காகிதங்களையும் நீங்களும் கேட்டு வாங்குங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள்.